மண்ணைத் திரும்ப வாங்கிய நாள்

ரேட்டை எப்படி இறக்குவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஆபீஸில் கேட்டார்கள். நீங்கள் பர்ச்சேஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், நான் அதே நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவள், ஆகவே கையில் ஏதாவது வித்தை வைத்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். வைத்திருக்கிறேன்தான். ஆனால் அதைச் சொல்லித்தர நான் எதற்கு? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். அங்கே நைட்டி வாங்க வந்த எந்த அம்மாவும் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொடுப்பாள். நான் சொல்லப்போவது வேறு. ஒரே ஒரு நாளின் கதை. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

முதலில் நம் தொழிலில் தினமும் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் கட்டும் கம்பெனிக்குப் பொருள் வாங்குகிறவர்கள் நாம். சிமென்ட், கம்பி, ஜல்லி, மணல், டைல்ஸ், எதுவானாலும் போனை எடுத்ததும் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை 'அர்ஜெண்ட்'. அடுத்த வாரம் தேவைப்படும் சரக்குக்கும் அர்ஜெண்ட்தான். "நாளைக்குக் காலையில ஸ்லாப் போடறோம், இன்னைக்கே வேணும்" என்போம். சரக்கு கொடுப்பவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "வண்டி கிளம்பிடுச்சு மேடம்" என்பார்கள். வண்டி ஷெட்டிலேயே நிற்கும். டிரைவர் பல்லே விளக்கியிருக்க மாட்டான். நாம் சொல்வது பொய் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்வது பொய் என்று நமக்குத் தெரியும். இருந்தும் ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாக வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனை வைப்போம்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னால் டிரைவர் நம்பரை வாங்குவேன். டிரைவரைக் கூப்பிட்டு, "உன் இடது கைப் பக்கம் என்ன கடை தெரியுது?" என்று கேட்பேன். கிளம்பாத டிரைவர் திருதிருவென்று முழிப்பது போனிலேயே கேட்கும். சரக்குக்காரர்கள் நடுவே எனக்கு 'இடது கை மேடம்' என்றே பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

சரி, கதைக்கு வருகிறேன். அபிராமபுரத்தில் ஒரு சின்னத் தெரு. பழைய அடுக்கு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். கார் நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் வேண்டும் என்பதால் ஆழமாகப் பள்ளம் தோண்டியிருந்தோம். தோண்டிய மண்ணைக் குவித்துவைக்க அந்தத் தெருவில் இடம் ஏது? அதை விற்பதும் பர்ச்சேஸ் வேலைதான். மொத்த மண்ணையும் வேலு என்ற மண் காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டான். கொட்டிவாக்கத்தில் தாழ்வாகக் கிடந்த யாருடைய மனையையோ அவன் ரொப்பி மேடாக்கிக்கொண்டிருந்தான். எங்கள் மண் லாரி லாரியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணுக்கு நான் பேசிய பேரத்தில் வேலு நொந்துபோய், "யக்கா, இது இன்னா மண்ணா, தங்கமா? ஆள வுடுக்கா" என்று கும்பிட்டான்.

பள்ளத்தை ஒட்டினாற்போல் பக்கத்து மனையில் ஒரு தனி வீடு. அதில் ராகவன் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவி கோமளம் மாமி. மாமி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, கட்டிலோடு கட்டிலாக இருந்தார். சமையல், வீட்டு வேலை எல்லாம் சார்தான். அந்த மனுஷர் எங்களுக்குக் கொடுத்த தலைவலி கொஞ்சநஞ்சமில்லை. ஹாரன் அடித்தால் புகார், தூசி பறந்தால் புகார், தெரு முனையில் லாரி தலையைக் காட்டினாலே புகார். மாநகராட்சியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் இவர் "ஹலோ" என்றாலே யாரென்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆகியிருந்தது. "ஆத்துல பேஷண்ட் படுத்துண்டிருக்கா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று கேட்டில் நின்று கத்துவார். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே சொல்ல முடியாது.

பள்ளத்தின் அடியில் அஸ்திவாரத்துக்கான கம்பி முழுவதும் கட்டி முடித்திருந்தார்கள். அந்தக் கம்பி நான் வாங்கிய கம்பி. விலை ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்து, மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தபோது சண்டை போட்டு வாங்கினேன். வாங்கிய கையோடு விலை எகிறியது. அதன் பிறகு கொஞ்ச நாள் ஆபீஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சைட்டுக்குப் போகும்போதெல்லாம் மேலே நின்று எட்டிப் பார்ப்பேன். புள்ளி பிசகாத கோலம் மாதிரி வரிசை வரிசையாகக் கிடக்கும். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் அதன் மேல் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு.

கான்கிரீட் வண்டிகள் எந்தப் பக்கம் வந்து எப்படித் திரும்பும் என்று பார்க்க நான் காலையிலேயே சைட்டுக்குப் போனேன். பருவம் தப்பிய மழை முந்தின நாள் கொட்டித் தீர்த்திருந்தது. கேட்டுக்குள் நுழைந்ததுமே சைட் இஞ்சினியர் சரவணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், அங்கேயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

பள்ளத்துக்கும் ராகவன் சார் வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் சுவர் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள சந்தில் தரை நீளமாகப் பிளந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ஒரு பெரிய மண்கட்டி பெயர்ந்து தொப்பென்று கம்பி மேல் விழுந்தது. ஓரத்து மண்ணைத் தாங்க வைத்திருந்த ஏற்பாடு ஏன் தவறியது என்பது இஞ்சினியர்கள் பேச வேண்டியது. பிற்பாடு அவர்கள் அதைப் பற்றி நிறையவே பேசினார்கள், அதை விடுங்கள்.

கட்டடத்துக்கு டிசைன் போட்டுக்கொடுத்த கன்சல்டன்டைச் சரவணன் வீடியோ காலில் பிடித்தார். அவர் பார்த்ததும் சொன்னார்.

"முதல்ல அந்த வீட்டுல இருக்கறவங்கள வெளிய கொண்டு வாங்க. அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க மண்ணைக் கொட்டி ரொப்புங்க. உள்ளேருந்து மண்ணு முட்டுக்குடுத்தாத்தான் சரிவு நிக்கும். சாயந்திரம் திரும்ப மழை இருக்குன்னு சொல்றாங்க. அதுக்குள்ள ரொப்பிட்டா வீடு நிக்கும். இல்லேன்னா கஷ்டம்."

"சார், கீழ கம்பி கட்டி முடிச்சாச்சு" என்றார் சரவணன்.

"கம்பிய மறந்துடுங்க" என்றார் அவர்.

பக்கத்தில் பிராஜெக்ட் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "மேடம், எம்.டி. ஃப்ளைட்ல இருக்கார். மத்தியானம் இறங்கினதும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிச்சிடலாம்" என்றார். அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணைப் போட்டால் கம்பி போச்சு, நாளைய கான்கிரீட் போச்சு, வீடு வாங்கியவர்களுக்குச் சொன்ன தேதி போச்சு. அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு, "மத்தியானம் வரைக்கும் வீடு இருக்குமான்னு வீட்டைக் கேட்டுச் சொல்லுங்க சார்" என்றுதான் சொன்னேன்.

நானே போய் ராகவன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். "இன்னிக்கு என்ன புதுசா?" என்று சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "கோமளத்தை எப்படித் தூக்கறது?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. பழையபடி அவர் கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

எங்கள் ஆட்கள் கட்டிலோடு மாமியைத் தூக்கினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், கண்ணகி நகரிலிருந்து வேலைக்கு வரும் ஆட்கள், எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தெருவைக் கடந்து எதிர் ஃபிளாட்டின் கார் நிறுத்தத்தில் இறக்கினார்கள். மாமி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, "நிதானமா தூக்குங்கோப்பா, நான் ஒண்ணும் பீரோ இல்லை" என்றார். பையன்கள் சிரித்துவிட்டார்கள். கட்டிலை இறக்கியதும் மாமி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"எங்க ஆம் விழுந்துடுமா? நிஜத்தைச் சொல்லு."

"தெரியல மாமி. விழாம பாக்கறேன்."

"எங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. போறதுக்கு வேற இடமும் இல்லை. இந்த வயசுல இவரை வாடகை வீடு தேடி அலைய விட்டுடாதே" என்றார்.

நான் வேலுவுக்குப் போன் போட்டேன். அவ்வளவு மண் நகரத்துக்குள் உடனே வேறு யாரிடம் இருக்கிறது?

"வேலு, மண்ணு வேணும். எங்ககிட்ட எடுத்தியே, அதே மண்ணு. திரும்பி வேணும். அர்ஜெண்ட்."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "இன்னாக்கா, காலீலயே காமெடி பண்ற? நீ வித்த மண்ண நீயே கேக்குறியா?"

"விளையாடாத. ரொம்ப அர்ஜெண்ட்."

"உனுக்கு என்னிக்குக்கா அர்ஜெண்ட் இல்லாம இருந்துகீது? போன தபா அர்ஜெண்ட்னு சொன்னியேன்னு அடிச்சிப் புடிச்சி வண்டி அனுப்சேன். உன் சைட்ல கேட்டத் தொறக்கக் கூட ஆளு இல்ல. சரி வுடு, வண்டி கெளம்பிடுச்சின்னு வச்சிக்கோ."

வச்சிக்கோவாம்! அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. உயிர் போகிற அவசரத்தைச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே வார்த்தையை நான், எனக்கு முன்னால் இருந்தவர்கள், இந்த ஊரில் பர்ச்சேஸ் பார்க்கிற அத்தனை பேரும் சேர்ந்து என்றைக்கோ செல்லாக்காசு ஆக்கிவைத்திருந்தோம். 'மெய்யாலுமே அர்ஜெண்ட்' என்று சொன்னால் மட்டும்? அதையும்தான் முன்னால் சொல்லியிருக்கிறேனே!

போனை வைத்துவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டேன். எடுத்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போனைத் திருப்பி, சாய்ந்த மதிலைக் காட்டினேன். தரைப் பிளவைக் காட்டினேன். தெருவைக் கடந்து போய் கார் நிறுத்தத்தில் கட்டிலைக் காட்டினேன். மாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கா அது, கட்டில்ல?"

"அந்த வீட்டம்மா. நடக்க முடியாது. வேற போக்கிடம் இல்ல. சாயந்திர மழைக்குள்ள ரொப்பலேன்னா வீடு பள்ளத்துக்குள்ள சரிஞ்சுடும்னு சொல்றாங்க."

வேலு அன்றைக்குப் பேசியதை அப்படியே சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

"யக்கா, வண்டி கெளம்பல. ஷெட்லதான் கீது. ஒரு டிரைவர் டிபன் துன்னுகினு கீறான், இன்னொருத்தன் இன்னிக்கு லீவு. அந்த வண்டிய நானே எடுக்கிறேன். ஜேசிபி கொட்டிவாக்கம் மனைலயே நிக்குது. ஆனா மண்ணு அள்ளி, அடையாறு டிராபிக் தாண்டி வர்றதுக்கு நேரம் ஆவும்க்கா, நான் டபாய்க்கல. அது வரிக்கும் உன் கைல இன்னா கீதோ அத்தப் போடு. சும்மா நிக்காத."

அடடா! எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் பார்த்த உத்தியோகத்தில் ஒரு சரக்குக்காரர் தானாக வாயைத் திறந்து வண்டி கிளம்பவில்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். அவன் வழக்கம்போல் கிளம்பிடுச்சு என்று சொல்லியிருந்தால் நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே கையைக் கட்டி நின்றிருப்பேன். உண்மையைச் சொன்னதால் எனக்கு யோசிக்க முடிந்தது. சைட்டில் என்ன கிடக்கிறது? எம்சாண்ட் மணல் ஒரு குவியல், ஜல்லி ஒரு குவியல், சுவர் கட்ட வைத்திருந்த பிளாக்குகள். "சரவணன், எல்லாத்தையும் தள்ளுங்க" என்றேன். எல்லாம் நான் வாங்கியவைதான். ஆட்கள் சட்டியிலும் தள்ளுவண்டியிலும் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். எல்லாம் அந்தப் பள்ளத்தில் எந்த மூலைக்கு? ஆனாலும் மண் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்த இடத்தில் அது ஒரு முட்டாக நின்றது.

இதற்கு நடுவில் அக்கவுண்ட்ஸிலிருந்து போன். சரவணன் ஆபீஸுக்குத் தகவல் சொல்லியிருப்பார் போல.

"மேடம், ஏதோ மண்ணு வாங்கறீங்களாமே? மூணு பேர்கிட்ட ரேட் கேட்டுக் கொட்டேஷன் வாங்கிட்டீங்களா?"

"தம்பி, இந்த மண்ணு ஒரே ஒரு ஆளுகிட்டதான் இருக்கு. அதுவும் நாமதான் அவனுக்கு வித்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். விதிகளை மீறச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூன்று கொட்டேஷன் நல்ல பழக்கம், அது இல்லாமல் வந்தால் நானே உங்களைப் பிழிந்தெடுத்திருப்பேன். ஆனால் மதில் சாயும்போது மூன்றாவது கொட்டேஷனுக்குக் காத்திருக்கும் ஆளாக மட்டும் ஆகிவிடாதீர்கள்.

திரும்ப வேலு. "யக்கா, பேஜாராப் பூட்ச்சி. சிக்னல்கிட்ட ஓரங்கட்ட சொல்ட்டாங்க. இந்நேரத்துல லோடு வண்டி உள்ள வுட மாட்டாங்களாம். பின்னால நம்ம தோஸ்துங்க வண்டி வேற நிக்குது."

நான் தலையில் கை வைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராகவன் சார் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். யாருக்கோ அடித்தார். நம்பரைத் தேடக்கூட இல்லை, விரல் தானாகப் போயிற்று.

"ஹலோ, நான் ராகவன் பேசறேன். ஆமா சார், அபிராமபுரம் ராகவன்தான். லாரி விஷயமாத்தான். இல்லை, இல்லை, நிறுத்தறதுக்கு இல்லை. விடறதுக்கு!"

அந்தப் பக்கம் இருந்தவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். ராகவன் சாருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்களே யோசிச்சுப் பாருங்கோ சார்! லாரி வரப்படாதுன்னு இத்தனை நாளா உங்க பிராணனை வாங்கினவன், இன்னிக்கு லாரி வரணும்னு கெஞ்சறேன்னா, என் ஆத்துல நிலைமை என்னவா இருக்கும்!"

கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு தப்பவில்லை. மோட்டார் பைக்கில் ஒரு போலீஸ்காரர் முன்னால் வர, பின்னால் வேலுவின் லாரி தெருவுக்குள் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் ஒன்று. நான் சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினேன். கூச்சமே இல்லை.

வேலு ரிவர்ஸ் எடுத்துப் பள்ளத்தின் வாயில் வண்டியை நிறுத்தினான். தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் கீழே அவ்வளவு கம்பியும் வெயிலில் வரிசையாகத் தெரிந்தது. அவனுக்கும் அதன் மதிப்பு தெரியும். பிராஜெக்ட் மேனேஜர் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், இதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

"நீங்க போட வேணாம். கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. சரவணன் சாட்சி."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக ஒதுங்கி நின்றார். எனக்கு அப்போது ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. இத்தனை வருஷ நல்ல பெயரைக் கொண்டுபோய்க் குழியில் போடுகிறாயே என்று ஒரு மனம் கத்தியது. மெய்யாகவே குழியில்தான் போட்டேன்.

"கொட்டு வேலு" என்றேன்.

மண் சரிந்தது. என் கம்பியின் மேல், எங்கள் மண். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் கையைக் காட்டினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் நீங்கள் பார்த்திருக்க வேண்டியது! ராகவன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார். "வரலாம், வரலாம், ரைட்ல ஒடி, போதும்!" என்று லாரிகளுக்கு வழி சொன்னார். ஒரு டிரைவர் சத்தமில்லாமல் பின்னால் வந்தபோது, "ஹாரன் அடிச்சுண்டு வாப்பா! பசங்க நிக்கறா தெரியலை?" என்று சத்தம் போட்டார். எங்கள் ஆட்கள் சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கொட்டிவிட்டு வண்டிகள் திரும்பக் கொட்டிவாக்கம் ஓடின, திரும்ப வந்தன. அந்த மனைக்காரர் கேட்டால் என்ன சொல்வாய் என்று வேலுவிடம் கேட்டேன். "அது என் பேஜாரு, நீ கம்முனு இருக்கா" என்றான். பர்ச்சேஸ் ஆர்டர் எங்கே என்று ஒரு தடவை கூட அவன் கேட்கவில்லை.

மத்தியானம் எம்.டி. விமானத்திலிருந்து இறங்கியதும் பிராஜெக்ட் மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னார். எம்.டி. "நாளைக்குக் காலையில வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். திட்டாத முதலாளியைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சாயந்திரம் சொல்லிவைத்தாற்போல மழை பிடித்தது. கடைசி லாரி அப்போதுதான் கொட்டி முடித்திருந்தது. எல்லாரும் எதிர் ஃபிளாட்டின் கார் நிறுத்தத்தில், மாமியின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரவணன் விரிசல் மேல் சிமென்டால் ஒரு பட்டை பூசி வைத்திருந்தார். சுவர் நகர்ந்தால் அந்தப் பட்டை வெடிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "இன்னும் வெடிக்கல மேடம்" என்பார். மழை விடவில்லை, மதிலும் அசையவில்லை. அன்றைக்கு ராத்திரி சாரையும் மாமியையும் எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கன்சல்டன்ட் நேரிலேயே வந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார். மதிலை ஒட்டிய அறையை மட்டும் பூட்டிவிடுங்கள், மற்ற இடத்தில் தாராளமாக இருக்கலாம், வீடு நிற்கும் என்றார். பையன்கள் கட்டிலைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல்படியைத் தாண்டும்போது மாமி கையை நீட்டி நிலைக்கட்டையைத் தொட்டுக்கொண்டார்.

பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அர்ஜெண்ட் என்ற வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேண்டுமென்றால் அடுத்த வாரம் என்றே சொல்லுங்கள். 'நாளைக்கு வரும்' என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் அவரைத் திட்டாதீர்கள், நன்றி சொல்லுங்கள். திட்டினால் அடுத்த முறை அவர் கிளம்பிடுச்சு என்பார், நீங்கள்தானே அதைக் கற்றுக்கொடுத்தது? அன்றைக்கு எனக்கு வீடியோ கால் கைகொடுத்தது. எல்லா நாளும் கொடுக்குமா?

எம்.டி. வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிடப் பார்த்தேன், நீங்கள் விடமாட்டீர்கள். காலையில் அவர் வந்தார். பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். கீழே வெறும் செம்மண். ஓரமாக ஒரு கம்பியின் நுனி மட்டும் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மொத்தமும் உள்ளயா?" என்றார்.

"இந்தப் பக்கம் மொத்தமும் உள்ளதான் சார்."

"என்கிட்ட சண்டை போட்டு வாங்கின கம்பி."

"ஆமா சார்."

"நாம வித்த மண்ணையே திரும்பி வாங்கியிருக்கீங்க."

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்டு மீட்டிங்ல கேப்பாங்க மேடம். நேத்து நீங்க என்ன வாங்கினீங்கன்னு நான் சொல்லட்டும்?"

ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்து வைத்திருந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. கன்சல்டன்ட் சொன்னது, சட்டப்படி நமக்குள்ள பொறுப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் உண்டு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது ராகவன் சார் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு விசில். உடனே உள்ளேயிருந்து மாமியின் குரல்.

"ஏன்னா! போறும், அடுப்பை அணைங்கோ! பருப்பு கரைஞ்சே போயிடப் போறது, காது கேக்கலையா?"

சார் ஓடும் சத்தம். ஏதோ ஒரு பாத்திரம் உருண்டு விழும் சத்தம். "கத்தாதே, அணைச்சாச்சு!" என்று அவர் திருப்பிக் கத்தும் சத்தம்.

"இதைத்தான் சார் வாங்கினேன்" என்றேன்.